சாக்கடைத் தண்ணீரில் செழித்த கீரையைச் சாப்பிடலாமா?

கேள்வி: “வீட்டுக்குப் பின்னால், கழிவுநீர் வாய்க்கால் ஓரமாக அரை சென்ட் இடத்தில் அரைக்கீரையும் சிறுகீரையும் போட்டிருக்கிறோம். கோடையில் வாய்க்கால் தண்ணீரைத்தான் மொண்டு ஊற்றினோம். உரம் போடாமலே நன்றாக வந்திருக்கிறது. மகளுக்கு ரத்தசோகை. அடிக்கடி கீரை கொடுக்கச் சொல்கிறார் டாக்டர். இந்தக் கீரையைக் கொடுக்கலாமா?”
– வாசகி, தட்டாஞ்சாவடி, புதுச்சேரி.

பதில்: கொடுக்க வேண்டாம். சாக்கடை நீரில் தழைச்சத்து அதிகம். அதனால்தான் உரம் இல்லாமலே கீரை கரும்பச்சையாகச் செழிக்கிறது. ஆனால், தொழிற்பேட்டையும் பட்டறைகளும் உள்ள பகுதியில் வாய்க்கால் நீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் இருந்தால், கத்தரி, வெண்டை போன்ற காய்களைவிடக் கீரைகளின் இலையில் அவை அதிகமாகச் சேரும். கழுவினால் மேலே படிந்த தூசிதான் போகும். வேர் வழியாக ஏறியது போகாது, வேக வைத்தாலும் போகாது. ஈயம் உடம்பில் சேர்ந்தால் ரத்தம் ஊறுவதையே தடுக்கும். ரத்தம் ஊறுவதற்காகக் கொடுக்கும் கீரையே பாதகமாகிவிடக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. கழிவுநீர் பாயும் ஈர மண்ணில் கொக்கிப்புழு இருக்கலாம். வெறுங்காலோடு நின்றால் பாதத்தின் வழியாக உள்ளே போய், குடலில் தங்கி ரத்தத்தை உறிஞ்சும். அங்கே செருப்பில்லாமல் இறங்க வேண்டாம். மகளுக்குப் பூச்சி மருந்து தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

வழக்கமான மண் பரிசோதனையில் உப்பு, கார அமிலத் தன்மை, சத்துகளின் அளவு தெரியும், உலோகங்கள் தெரியாது. எனவே அந்த இடத்தில் கனகாம்பரம், நந்தியாவட்டை போன்ற பூச்செடிகளை வையுங்கள். கீரையை மொட்டை மாடிக்கோ முன்வாசலுக்கோ மாற்றுங்கள்.

மாடியில் கீரைக்கு அரை அடி ஆழ மண் போதும். செம்மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து பைகளில் நிரப்புங்கள். பெயின்ட், ரசாயனம் வந்த டப்பாக்கள் வேண்டாம். பச்சைச் சாணமும் வேண்டாம். விதை மிகப் பொடியானது. சென்ட்டுக்கு 10 கிராம் என்ற கணக்கில், மணலோடு கலந்து தூவி, மெல்லிய மண் போர்வை போட்டு, பூவாளியால் நீர் விடுங்கள். சிறுகீரையை 25 நாட்களில் வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையை ஒரு மாதத்தில் இரண்டு விரல் உயரம் விட்டு அறுத்தால், மீண்டும் மீண்டும் துளிர்க்கும். 10 நாள் இடைவெளியில் பை பையாக விதைத்தால் வாரம் தவறாமல் கீரை கிடைக்கும். போர் தண்ணீர் லேசாக உப்புக் கரித்தால் பாலக்கீரை தாங்கும். அரிசி, காய் கழுவிய நீரை ஊற்றலாம்; சோப்புத் தண்ணீர் கூடாது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் விதை அடித்துக்கொண்டு போகும். இலையின் அடியில் வெள்ளைத் துரு நோயும் வரும். அந்த மாதங்களில் பைகளைத் தாழ்வாரத்துக்கு மாற்றி, செடிகளை நெருக்கமில்லாமல் கலைத்துவிடுங்கள். புழு தெரிந்தால் கையால் பொறுக்குங்கள். மிஞ்சினால் லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டையை இடித்து, இரவு ஊறவைத்து, வடிகட்டித் தெளியுங்கள்.

சமைக்கும்போது, கழுவிய பிறகு நறுக்குங்கள். நறுக்கிய பிறகு கழுவினால் சத்து கரைந்து போகும். தண்ணீர் குறைவாக விட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரோடேயே கடையுங்கள். ஒரு கரண்டி எண்ணெயில் தாளித்தால் கீரையின் வைட்டமின் ஏ சத்து உடம்பில் சேரும். இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்கு டீ, காபி வேண்டாம். அவை இரும்புச்சத்தைச் சேரவிடாது. கடைந்த கீரையை அன்றே தீர்த்துவிடுங்கள்.

கீரையால் மட்டும் ரத்தசோகை தீராது. டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைக் கீரை கிடைக்கிறதே என்று நிறுத்திவிட வேண்டாம். அவர் சொல்லும் நாள்வரை இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும்.