வரிசையில் நிற்பவர் மீது பழி போடாதீர்கள்

ஒவ்வொரு 100 ரூபாய் டெபாசிட்டுக்கும் வங்கிகள் ஆண்டுக்கு 12 பைசா காப்பீட்டுக் கட்டணம் செலுத்திவந்தன. நல்ல நிலையில் உள்ள வங்கிகளுக்கு அதைக் குறைக்கும் முறையை ரிசர்வ் வங்கி 2025 அக்டோபரில் அறிவித்தது. வங்கிக்குச் சலுகை, சரி. டெபாசிட்தாரருக்கு? 2020 பிப்ரவரியில் நிர்ணயித்த 5 லட்ச ரூபாய் காப்பீட்டு வரம்பு அப்படியே கிடக்கிறது.

வரம்பை உயர்த்தினால் மக்கள் பொறுப்பில்லாமல் மோசமான வங்கிகளில் பணம் போடுவார்கள் என்பது ஏட்டுச் சுரைக்காய் வாதம். ஓய்வூதியப் பணத்தைப் போடும் பெரியவரா வங்கியின் ஐந்தொகையை அலசப்போகிறார்?

மக்கள் ஏன் வங்கிக்கு ஓடுகிறார்கள் என்பதைப் பொருளாதார அறிஞர்கள் டக்ளஸ் டயமண்டும் பிலிப் டிப்விக்கும் 1983-லேயே விளக்கிவிட்டார்கள். 2022-ல் நோபல் பரிசும் பெற்றார்கள். டெபாசிட்தாரர்களில் சிலருக்குப் பணம் உடனே தேவை, சிலர் பொறுப்பார்கள். யார் எந்த ரகம் என்பது வங்கிக்கும் தெரியாது, சக வாடிக்கையாளருக்கும் தெரியாது. மற்றவர்கள் எடுத்துவிடுவார்கள் என்ற சந்தேகம் எழுந்துவிட்டால், பொறுக்கக்கூடியவரும் முந்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். நல்ல வங்கியும் அதில் கவிழும்.

அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியைப் பாருங்கள். கடன்பத்திரங்களை விற்றதில் 180 கோடி டாலர் நஷ்டம் என்று 2023 மார்ச் 8 அன்று அறிவித்தது. மறுநாள் ஒரே நாளில் வாடிக்கையாளர்கள் எடுத்தது 4,200 கோடி டாலர். அதற்கடுத்த நாள் எடுக்கக் காத்திருந்தது இன்னும் 10,000 கோடி. மொத்த டெபாசிட்டே சுமார் 17,500 கோடிதான்! நஷ்டம் உண்மை. ஆனால், ஓடவைத்தது நஷ்டம் மட்டுமல்ல. டெபாசிட்டில் 90 சதவீதத்துக்கும் மேல் காப்பீட்டு வரம்பான இரண்டரை லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் தொழில்முனைவோர். பக்கத்து நிறுவனம் எடுத்துவிட்டதா என்பதே ஒவ்வொருவரின் கேள்வி. மார்ச் 12 அன்று, முழுத் தொகைக்கும் அரசு பொறுப்பேற்ற பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வந்தது.

இங்கே என்ன செய்கிறோம்? 2019 செப்டம்பரில் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியை முடக்கியபோது, ஆரம்பத்தில் ஒரு கணக்குக்கு 1,000 ரூபாய்தான் எடுக்க அனுமதித்தார்கள். மருத்துவச் செலவுக்குச் சேர்த்துவைத்தவர் அதை வைத்து என்ன செய்வார்? பார்த்துக்கொண்டிருந்த மற்ற வங்கிகளின் வாடிக்கையாளர்கள் கற்ற பாடம் ஒன்றுதான்: அடுத்த முறை முந்திக்கொள். பீதியைக் கற்றுக்கொடுத்துவிட்டு, வதந்திகளை நம்பாதீர்கள் என்று உபதேசம் செய்வது கொடுமை.

முடக்கப்பட்ட வங்கியின் டெபாசிட்தாரருக்கு 90 நாளில் காப்பீட்டுத் தொகை தர வேண்டும் என்று 2021-ல் சட்டம் திருத்தப்பட்டது நல்லதுதான். போதாது. வரும் பட்ஜெட்டிலேயே வரம்பை 20 லட்சமாக்குங்கள். வங்கி வாசல் வரிசைகள் அத்தோடு ஒழியும்.