மூடியில்தான் சூட்சுமம்

விருத்தாசலத்தில் போய்த் தகர டின்னின் பெருமையைப் பேசினால் சற்று முறைத்துத்தான் பார்ப்பார்கள். பீங்கானுக்குப் பேர்போன ஊர். சூளை, பொம்மை, பீங்கான் ஃபியூஸ் கட்டை, தொழிலைச் சொல்லித்தர அரசு நிறுவனம் என்று எல்லாம் மண்ணை நம்பியவை. “ஊறுகாயை எதுல போடுவீங்க, ஜாடியிலயா தகரத்துலயா?” என்று கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. உப்பும் புளிப்பும் வெறும் தகரத்தை அரித்துவிடும். மெருகிட்ட ஜாடியை அவை ஒன்றும் செய்யாது.

ஆனால் அதே ஊரைச் சுற்றித்தான் முந்திரித் தோப்புகளும். இங்குள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம் தந்த விஆர்ஐ 3 ரகம் முந்திரி விவசாயிகளுக்கு நன்றாகவே தெரியும். பக்கத்துப் பண்ருட்டியோ முந்திரி வியாபாரத்துக்குப் பேர்போனது. இந்தியாவில் உடைத்து, தோலுரித்து, தரம் பிரித்த பருப்பு பல காலம் கப்பலேறியது சதுரத் தகர டின்னில்தான். டின்னுக்கு 25 பவுண்டு, அதாவது 11.34 கிலோ. உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டுக் கரியமில வாயுவை நிரப்பி அடைப்பார்கள். பூச்சி பிழைக்காது, பருப்பு காறாது. இப்போது அந்த இடத்தை வெற்றிடப் பைகள் பிடித்து வருகின்றன.

1810இல் லண்டனில் பீட்டர் டுராண்ட் என்பவர் உணவைக் கெடாமல் அடைத்து வைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் கண்ணாடி, தகரத்தோடு மண்பாண்டமும் இருந்தது. ஆக, பீங்கானும் போட்டியில் இருந்த ஆள்தான். உடையும், கனக்கும் என்பது ஒருபுறம். அதைத் தோற்கடித்தது வாய் என்பேன். ஜாடிக்குத் துணியால் வேடு கட்டலாம், காற்றைத் தடுக்க முடியாது.

டின்னின் வாயைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மெல்லிய எஃகுத் தகட்டில், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதுபோல, இம்மியளவு வெள்ளீயம் ஏற்றியிருப்பார்கள். அதை வளைத்துப் பக்கவாட்டில் இணைப்பார்கள். ஒரு காலத்தில் காரீயப் பற்றுவைப்பு. நஞ்சு என்று தெரிந்தபின் உணவு டின்களுக்கு மின்சாரப் பற்றவைப்பு வந்தது. பிறகு மூடியின் ஓரத்தையும் உடலின் ஓரத்தையும் ஒன்றுக்குள் ஒன்று கொக்கிபோல் மாட்டி, உருளையால் இரண்டு முறை அழுத்துவார்கள். அந்த விளிம்பில் ஐந்தடுக்குத் தகடு இருக்கிறது. இடுக்கில் ரப்பர் போன்ற பசை. காற்றுக்கு வழியே கிடையாது. இவ்வளவு கெட்டியாக மூடக் கற்றவர்கள் திறக்க வழி யோசிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. டின் திறப்பான் வர நாற்பது ஆண்டுக்கு மேல் ஆனது. அதுவரை உளியும் சுத்தியலும்தான்!

அந்த விளிம்பை வெட்டிவிட்டால் டின் வெறும் பாத்திரம். நம் ஊரில் அதிலேயே அரிசி கொட்டி வைப்போம், முறுக்கு போட்டு வைப்போம், கிழித்து விரித்துக் குளியலறைக்குக் கதவும் அடிப்போம். அதிலெல்லாம் குற்றமில்லை. பழைய டின்னில் மறுபடி எண்ணெயை ஊற்றி, புது மூடி வைத்து விற்பதுதான் தவறு. ஒருமுறை பயன்படுத்திய டின்னில் சமையல் எண்ணெயை மீண்டும் அடைக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதியே இருக்கிறது. கல்யாணத்துக்கு வாங்கிய 15 கிலோ டின் காலியானதும் அப்படியே பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். மேல் தகட்டை முழுதாக வெட்டி எடுத்துவிட்டுக் கொடுங்கள்.