தோட்டத்து வீட்டுக்கு ஒரு பிஸ்டல் தேவையா?

ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் எதிர்வீட்டுக்காரருக்கு நாமக்கல்லில் கோழித்தீவன வியாபாரம். வயது ஐம்பதுக்குள் இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை காலை நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்து உட்கார்ந்தார். காபியைப் பாதி குடித்துவிட்டு, "ஐயா, நீங்க துப்பாக்கி லைசென்ஸ் செக்‌ஷன்ல இருந்தவருன்னு உங்க மாப்பிள்ளை சொன்னாருங்க. ஒரு சின்ன பிஸ்டல் வாங்கலாம்னு இருக்கேனுங்க. எப்படி, நல்லதா கெட்டதா?" என்று கேட்டார்.

எதற்கென்று நான் கேட்கவில்லை. இந்தப் பக்கத்து மனிதர் எவருக்கும் காரணம் தெரியும். அவருடைய அப்பாவும் அம்மாவும் ராசிபுரத்துக்கு அந்தப் பக்கம் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறார்கள். 2024 நவம்பரில் பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் தாய், தகப்பன், மகன் என்று மூன்று பேரை வெட்டிக் கொன்றார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பக்கம் ஒரு வயதான தம்பதி. கூப்பிடு தூரத்தில் வீடில்லாத தோட்டங்களில் பெற்றோரை வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு அதன் பிறகு ராத்திரியில் நிம்மதியான தூக்கம் இல்லை. ஆகவே, "துப்பாக்கியெல்லாம் எதுக்குத் தம்பி" என்று ஒரே வார்த்தையில் அவரை அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பக்கமும் சொல்கிறேன் என்றேன். அன்று சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் சாதாரண குடிமகன் லைசென்ஸில் வாங்கக்கூடிய கைத்துப்பாக்கி பெரும்பாலும் .32 அளவுதான். ராணுவமும் போலீசும் வைத்திருக்கும் 9 மி.மீ. நமக்குத் தடை செய்யப்பட்ட ரகம். அரசாங்கத்தின் படைக்கலத் தொழிற்சாலைகள் செய்யும் .32 பிஸ்டலுக்கு 'அசனி' என்று பெயர். அசனி என்றால் இடி. வெளிநாட்டில் இப்போது உடம்புப் பகுதியை பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். 1980களில் ஆஸ்திரியாவின் க்ளாக் வந்ததிலிருந்து அதுதான் நாகரிகம். பழைய வழிப் பிஸ்டல் முழுக்க உலோகம். அதில் லாபம் உண்டு. கனம் இருப்பதால் சுடும்போது கையை அதிகம் உதைக்காது. .32 தோட்டாவே சாதுவானது. ரிவால்வர் மாதிரி நடுவில் உருளை புடைத்துக்கொண்டு நிற்காது, தட்டையாக இருக்கும். எண்ணெய் போட்டு வைத்தால் மூன்று தலைமுறைக்கு உழைக்கும்.

மூன்று தலைமுறை என்பது பேச்சுக்குச் சொன்னதல்ல. பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்துப் பக்கம் எர்ஸ்தால் என்ற ஊரில் ஃபாப்ரிக் நாசியோனால் என்ற தொழிற்சாலை இருக்கிறது. அமெரிக்கரான ஜான் ப்ரௌனிங் வரைந்து கொடுத்த 1900ஆம் ஆண்டு மாடல் பிஸ்டலை அங்கேதான் செய்தார்கள். சுமார் 7 லட்சம் விற்றது. எடை அறுநூற்றுச் சொச்சம் கிராம். மேகசினில் ஏழு தோட்டா. அவர்கள் 7.65 மி.மீ. என்று சொன்ன அதே தோட்டாதான் நம்முடைய இன்றைய .32 பிஸ்டல் தோட்டா. நான் பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் 'ப்ரௌனிங்' என்பது சின்னப் பிஸ்டலுக்குப் பொதுப்பெயராகவே ஆகிவிட்டது, நாம் நகல் எடுப்பதை ஜெராக்ஸ் என்று சொல்வதுபோல.

அந்தப் பெயர் நம் சரித்திரத்திலும் இருக்கிறது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ஸ்டேஷனில் ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்த கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்து ப்ரௌனிங்கால். அவருக்குச் சுடக் கற்றுக்கொடுத்தவர் அப்போது புதுச்சேரியில் இருந்த வ.வே.சு. ஐயர். அதற்கு ஒன்றரை ஆண்டு முன்னால், 1909 டிசம்பரில், நாசிக்கில் நாடகம் பார்க்க வந்த கலெக்டர் ஜாக்சனைச் சுட்டதும் ப்ரௌனிங்தான். லண்டனிலிருந்து சாவர்க்கர் அனுப்பிவைத்த இருபதில் ஒன்று. 1914இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டதும் அதே தொழிற்சாலையின் 1910 மாடல்.

இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். மூன்று இடத்திலும் பிஸ்டல் வைத்திருந்தவர் நேரத்தையும் இடத்தையும் தாமே தேர்ந்தெடுத்தார். சில அடி தூரம் வரை நெருங்கினார். எதிரில் இருந்தவருக்கு எதுவும் தெரியாது. சட்டைக்குள் மறையும் சின்னப் பிஸ்டலின் பலம் அதுதான். முதலில் முடிவு செய்கிறவனுக்கு அது கைகொடுக்கும். தோட்டத்து வீட்டில் கட்டிலில் படுத்திருக்கும் எழுபத்தெட்டு வயதுப் பெரியவருக்கோ நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி கிடையாது. அது வருகிறவன் கையில். ராத்திரி இரண்டு மணிக்கு நாலு பேர் வரும்போது பிஸ்டல் பீரோவில் இருக்கும்; சாவி வேறெங்கோ இருக்கும்.

"பீரோவுல எதுக்குங்க, தலகாணிக்குக் கீழ வெச்சுக்கிட்டா?" என்றார் நண்பர். அங்கேதான் பெரிய சிக்கல். தானியங்கிப் பிஸ்டலில் இரண்டு நிலை உண்டு. மேகசின் உள்ளே இருக்கும், ஆனால் குழலில் தோட்டா ஏறியிருக்காது. அப்படியானால் சுடுவதற்கு முன் மேலே உள்ள ஸ்லைடை ஒரு கையால் இழுத்து விட வேண்டும். அந்த ஸ்பிரிங் கடினமானது. மூட்டுவலிக் கையால், இருட்டில், நடுக்கத்தோடு இழுத்துப் பார்த்தால் தெரியும். இல்லையென்றால் குழலில் தோட்டாவை ஏற்றியே வைத்திருக்க வேண்டும். அதற்கு நித்தியப் பயிற்சி வேண்டும். பயிற்சி இல்லாத வீட்டில் அது ஒருநாள் வீட்டுக்காரர்களையே பதம் பார்க்கும்.

நான் வேலை பார்த்த காலத்தில் ஒருவர் வந்தார். வசூல் பணம் எடுத்துப் போகிறவர் என்று நியாயமான காரணம் காட்டி லைசென்ஸ் வாங்கியவர். பதினோரு வருஷத்தில் ஒருமுறைகூட அதை எடுத்து நீட்ட வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை. ஆயுத பூஜைக்குத் துடைக்க எடுத்திருக்கிறார். மேகசினைக் கழற்றிவிட்டார்; அதனால் காலி என்று நினைத்தார். குழலுக்குள் ஒன்று மீதி இருந்தது. எதிரே பூ தொடுத்துக்கொண்டிருந்த மனைவி அங்கேயே முடிந்துபோனார். வழக்கு நடந்து, அது விபத்து என்று முடிந்த பிறகு, புத்தகத்தை ஒப்படைக்க என் மேசைக்கு வந்தார். "சார், இதைத் திருப்பி வாங்க வரமாட்டேன்னு எழுதிக்கொடுக்க ஏதாவது பாரம் இருக்கா?" என்று கேட்டார். அப்படி ஒரு பாரம் கிடையாது. வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். அவர் கையெழுத்துப் போட்ட இடம் இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ரிவால்வராக இருந்தால் உருளையைத் திறந்ததும் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியும். அதனால் வாங்கியே தீருவேன் என்கிறவருக்கு நான் ரிவால்வரைத்தான் சொல்வேன். 2014இல் பெண்களுக்கென்று கான்பூரில் 'நிர்பீக்' என்று டைட்டானியம் கலந்த லேசான .32 ரிவால்வர் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அரைக் கிலோ அளவுதான். விலை அப்போதே ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். லேசாக இருந்தால் தூக்கிச் செல்ல நல்லது. சுடும்போது கை அதிகம் துள்ளும். இரண்டு வசதியும் ஒன்றாகக் கிடைக்காது.

இன்னும் சில்லறைச் சங்கடங்கள் உண்டு. நம் ஊர் வெயிலில் இடுப்பு வேர்வை பட்டால் எஃகு துருப்பிடிக்கும். வேட்டி மடிப்பில் முக்கால் கிலோ இரும்பு நிற்காது. தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள். அது திரும்பி வரும்வரை வீடு பழையபடி வெறுங்கைதான். ஒரு வாரம் திருமணத்துக்குப் போனால், திருடனுக்கு நகையோடு துப்பாக்கியும் கிடைக்கும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. ராத்திரியில் வீடு புகுந்தவனிடமிருந்து தற்காத்துக்கொள்ளும் உரிமையைப் பழைய தண்டனைச் சட்டமும் தந்தது, 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டமும் தருகிறது. ஆனால் தேவைக்கு மேல் போகவில்லை என்பதை நாம்தான் கோர்ட்டில் காட்ட வேண்டிவரும். எல்லாவற்றுக்கும் மேலாக, லைசென்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கு அல்ல. நண்பர் பெயரில் வாங்கினால் பிஸ்டல் ஃபேர்லேண்ட்ஸில் அவரோடு இருக்க வேண்டும். ஆபத்து இருப்பதோ ராசிபுரத்துத் தோட்டத்தில். அப்பாவிடம் கொடுத்துவிட்டு வந்தால் இருவரும் குற்றவாளிகள். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டு சிறை.

இதைச் சொன்னதும் அவர் வெகுநேரம் பேசவில்லை.

என் அபிப்பிராயம் இதுதான். தினமும் பெரும்பணம் கொண்டுபோகிறவர், மாதம் ஒருமுறையாவது ரைஃபிள் கிளப்பில் சுட்டுப் பழகுகிறவர், வீட்டில் பூட்டிய இரும்புப் பெட்டி வைத்திருக்கிறவர், இப்படி ஒருவருக்கு அந்தச் சின்ன உலோகப் பிஸ்டல் நல்ல கருவி. வயதான பெற்றோரை நினைத்துத் தூக்கம் வராத மகனுக்கு அது மருந்தல்ல. இரண்டு நாட்டு நாய், நாலு மூலையிலும் விளக்கு, உள்ளே படுத்துக் கதவைத் தாழ்ப்பாள் போடும் பழக்கம், துணைக்கு ஒரு குடும்பத்தைத் தோட்டத்தில் குடிவைப்பது, இவையெல்லாம் பிஸ்டல் விலையில் முடியும். எல்லாவற்றிலும் நல்லது, அவர்களை இங்கே கூட்டிவந்துவிடுவது.

"அப்பா வரமாட்டேங்கறாருங்க. மாட்டை யார் பாக்கறதுன்னு கேக்கறாரு" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நானும் கடலோர ஊரை விட்டு மகள் வீட்டுக்கு வர ஆறு வருஷம் பிடிவாதம் பிடித்தவன்தான். விண்ணப்பத்தை என்னிடமே கொடுத்துவிட்டு, "இந்த வாரம் ஊருக்குப் போய்ப் பேசிட்டு வரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பாரம் என் மேசையில் இருக்கிறது. இன்னும் ஒரு வரிகூட நிரப்பவில்லை.