விசில் ஊதுற படிப்பாம்!

தை மாதம் சின்னசேலத்தில் ஒரு காதுகுத்து. மண்டபத்துக்கு வெளியே பாதி ரோட்டை அடைத்து மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. பிளஸ் டூ படிக்கும் அண்ணன் மகள், உடற்கல்விப் பட்டப்படிப்பில் சேரப்போவதாகப் பந்தியில் வாயைத் திறந்துவிட்டாள். எதிரே இருந்த மாமா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "நல்லா மார்க் வாங்குற புள்ளை, உனக்கு எதுக்கும்மா விசில் ஊதுற படிப்பு?" என்றார். வரிசையே சிரித்தது. எனக்கு ரசம் கசந்தது.

எந்தத் தசை எந்த எலும்பை இழுக்கிறது, வேகமாக ஓடுகிறவன் உடம்பில் லாக்டேட் ஏன் ஏறுகிறது என்பதெல்லாம் அந்தப் படிப்பில் பாடம். முதுகை வளைத்துக் கம்பியைத் தாண்டுகிறவனின் உடல், கம்பிக்கு மேலே போகும்; அவனுடைய ஈர்ப்பு மையம் கம்பிக்குக் கீழேயே போகலாம். எப்படி என்று மாமா விசிலை வைத்து விளக்கட்டும். அவருக்குத் தெரிந்த பி.டி. சார் கொடிக்கம்பம் நட்டாராம், சுதந்திர தினத்துக்கு மிட்டாய் வாங்கி வந்தாராம். ஹெட்மாஸ்டர் கொடுத்த வேலை அது. கணக்கு சாரை அனுப்பியிருந்தால் கணக்கும் மிட்டாய்ப் படிப்புதான்.

மாரியப்பன் தங்கவேலு யார்? பக்கத்துச் சேலம் மாவட்டம், பெரியவடகம்பட்டி. ஐந்து வயதில் பஸ் மோதி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. அந்தப் பிள்ளையைப் பார்த்து, 'உயரம் தாண்டு' என்று சொன்னது கணக்கு சாரா? பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர், தங்கம். பிறகு டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். மாமாவும் ஸ்டேட்டஸ் வைத்தார். தாண்டியவனுக்குக் கைதட்டல், தாண்டச் சொன்னவர் படித்தது மட்டும் மக்குப் படிப்பு!

நேற்று முளைத்த படிப்பும் இல்லை இது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியது 1920-இல். 2004-இல் தமிழக அரசு சட்டம் போட்டுத் தனிப் பல்கலைக்கழகமே அமைத்தது. நூறு வருஷமாக விசில் ஊதவா சொல்லிக்கொடுக்கிறார்கள்?

எங்கள் பக்கம் கபடியில் ஒரு பையனுக்கு முழங்கால் திருகிக்கொண்டது. நாலு பேர் காலைப் பிடித்து இழுத்தார்கள். முட்டை வெள்ளைக்கருவில் உளுத்தம்மாவைக் குழைத்துக் கட்டினார்கள். வீக்கம் வடிவதற்குள் மறுபடி களத்தில் இறக்கினார்கள். இப்போது அவன் படியிறங்கினால் முழங்கால் விலகுகிறது. இழுக்காதே என்று சொல்ல அங்கே படித்தவர் ஒருவர் இல்லை.

சேலம் நெடுஞ்சாலையோரம் விடிகாலையில் பாருங்கள், போலீஸ் தேர்வுக்குப் பையன்கள் ஓடுகிறார்கள். 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். தேய்ந்த ஷூ, ஓய்வே இல்லாத ஓட்டம், முன்னங்கால் எலும்பில் வலி. அவர்களுக்கு வாத்தியார் யூடியூப். ஜிம் பக்கம் ஒதுங்கினால் புரோட்டீன் டப்பா விற்கிறவர்தான் குரு. அவரிடம் என்ன படித்தீர்கள் என்று எந்த மாமாவும் கேட்பதில்லை. புஜம் பெரிதாக இருந்தால் போதும்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் மேடு பள்ளம் ஏறி இறங்கியே வளர்கிற பிள்ளைகளில் எத்தனை மாரியப்பன்களோ. பார்த்துச் சொல்ல ஆள் வேண்டாமா? கீழே மட்டும் என்ன வாழ்கிறது? மைதானமே இல்லாத பள்ளிகளுக்கு வருஷா வருஷம் ஃபீஸ் ஏறுகிறது. பி.டி. பீரியட் வந்தால் கணக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கை கழுவும்போது அண்ணன் மகளிடம் கேட்டேன், கடைசியாக எப்போது விளையாடினாய் என்று.

"நைன்த்துல, சித்தப்பா. டென்த்துலருந்து அந்த பீரியட்ல டெஸ்ட்."