தேட வேண்டியது வங்கிதான்

பத்து ஆண்டுகளாக வரவு செலவு இல்லாமல் கிடக்கும் வங்கிக் கணக்கின் பணம், ரிசர்வ் வங்கி 2014-ல் ஏற்படுத்திய வைப்புதாரர் விழிப்புணர்வு நிதிக்குப் போய்விடுகிறது. இப்படிக் கேட்பாரற்றுச் சேர்ந்த தொகை 2023 மார்ச் இறுதியில் 62,225 கோடி ரூபாய். அடுத்த மார்ச்சில் 78,213 கோடி. இடையில்தான், 2023 ஆகஸ்டில், இப்பணத்தைத் தேடுவதற்கென்றே ‘உத்கம்’ இணையதளம் தொடங்கப்பட்டது. ஏழு வங்கிகளுடன் ஆரம்பித்து முப்பது வங்கிகளை எட்டவே 2024 மார்ச் ஆகிவிட்டதால், தொகை ஏறியதற்குத் தளத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தேடும் வேலையை மக்கள் தலையிலேயே கட்டிவிட்டால் இந்தப் பணம் ஒருநாளும் உரியவர் வீடு போய்ச் சேராது.

தேட என்னென்ன வேண்டும் என்று பாருங்கள். கணக்கு வைத்திருந்தவரின் பெயர், வங்கியின் பெயர். அவற்றோடு பான், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் எண்களில் ஒன்றோ பிறந்த தேதியோ. மறைந்துபோன பாட்டியின் பழைய சேமிப்புக் கணக்குக்குப் பான் எண் ஏது? அந்தத் தலைமுறையில் பலருக்குப் பிறந்த தேதியே பள்ளியில் சேர்க்கும்போது உத்தேசமாகச் சொன்னதுதான். பெயர் அதைவிடச் சிக்கல். திருமணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பிறகு கணவரின் இனிஷியல். அது பெயருக்கு முன்னால் ஒரு வங்கியில், பின்னால் இன்னொரு வங்கியில். லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! எந்த எழுத்தில் பதிந்தார்கள் என்பது பாஸ்புக் தொலைந்த குடும்பத்துக்கு எப்படித் தெரியும்? அப்பாவுக்கு அப்படியொரு கணக்கு இருந்ததே தெரியாத பிள்ளைகள் தேடவே போவதில்லை.

வங்கிக்கோ எல்லாம் தெரியும். பெயரும் முகவரியும், பல கணக்குகளில் நாமினியின் பெயரும் அதன் கையில் இருக்கின்றன. செயல்படாத கணக்குகளின் உரிமையாளரையோ வாரிசுகளையோ வங்கிகளே தேடிப்பிடிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2024 ஜனவரி உத்தரவும் சொல்கிறது. வீடு மாறியவருக்குக் கடிதம் போட்டு, அது திரும்பி வந்ததும் கோப்பை மூடினால் அது தேடியதாகாது. எத்தனை நாமினிகளைத் தொடர்புகொண்டோம், எத்தனை பேருக்குப் பணம் கொடுத்தோம் என்று ஒவ்வொரு வங்கியும் கிளைவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

செலவாகும் என்பார்கள். நிதிக்கு மாற்றும்வரை பத்து ஆண்டுகள் அந்தப் பணத்தை வைத்துத் தொழில் செய்தது வங்கிதானே? விவரங்களைத் தளர்த்தினால் மோசடிக்காரர்கள் நுழைவார்கள் என்ற அச்சம் நியாயமானது. அதனால்தான் பட்டியலைத் திறந்துவிடச் சொல்லவில்லை. வங்கி தன்னிடமுள்ள நாமினியைத் தானே நாடிப் போகட்டும் என்கிறேன். வைப்புதாரரின் அலட்சியம் என்று சொல்வதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. இறந்தவர் எப்படி அலட்சியமாக இருக்க முடியும்?

அதுவரை வாசகர்கள் சும்மா இருக்க வேண்டாம். நிதிக்குப் போன வங்கிப் பணத்தைக் கேட்கக் காலக்கெடு கிடையாது. இன்சூரன்ஸ் பணம் அப்படியல்ல. மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போய் 25 ஆண்டுகள் கேட்கப்படாமல் இருந்தால் அரசுக்கே சொந்தமாகிவிடும். ‘உத்கம்’ தளத்தில் தேடக் கட்டணம் இல்லை. கணக்கு தென்பட்டால் நேராக வங்கிக் கிளைக்குப் போங்கள். நாமினியாக உங்கள் பெயர் இருந்தால் நீதிமன்ற வாரிசுரிமைச் சான்றிதழ் கொண்டுவா என்று வங்கி வற்புறுத்தக் கூடாது. வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்கும் எவருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.