முள்ளு சொல்றது நிஜமா பாஸ்?

தாத்தா காலத்து அம்பாசடரை ஷெட்டுல இருந்து உருட்டி எடுத்து, நாலு பேரா கல்ச்சுரல்ஸுக்குக் கிளம்பறீங்க. பெட்ரோல் மீட்டர்ல முள்ளு பாதிக்கு மேல நிக்குது. பைபாஸ்ல வண்டி 'டொக்'னு நின்னு போச்சு. முள்ளு மட்டும் அசையாம அதே இடத்துல! தள்ளுறதுகூடப் பரவாயில்லை. மறுநாள், 'மீட்டர் அவுட்டு தம்பி, புதுசு போடணும்'னு ஒருத்தர் சொல்வாரே, அங்கதான் பாக்கெட் மணி காலி.

அவசரப்படாதீங்க. அம்பாசடர் தயாரிப்பு 2014-லயே நின்னாச்சு. ஒரிஜினல் மீட்டரைத் தூக்கிப் போட்டுட்டா, அப்புறம் பழைய சாமான் கடை கடையா ஏறி இறங்கணும்.

மேட்டர் ரொம்ப சிம்பிள். டேங்குக்குள்ள ஒரு மிதவை. மொட்டை மாடி தண்ணி டேங்க்ல பந்து மிதக்குமே, அதோட தம்பி. பெட்ரோலோட அது ஏறி இறங்க, அதன் கை ஒரு மின்தடைச் சுருள் மேல உரசிக்கிட்டே நகரும். மின்தடை மாற மாற டேஷ்போர்டுல முள்ளும் நகரும். இந்தக் கரன்ட் வேலை செய்யணும்னா டேங்க்ல இருந்து கார் பாடிக்கு நல்ல எர்த் வேணும். என் முதல் சந்தேகம் எப்பவும் அது மேலதான். துரு, பெயின்ட், நடுவுல ஒரு ரப்பர் வாஷர்... போதும், மீட்டர் பொய் சொல்ல ஆரம்பிச்சிடும்.

எந்தப் பக்கம் பொய் சொல்லும்? பழைய கார் மீட்டர்கள்ல ரெண்டு ரகம் உண்டு. சாவி போட்டதும் முள்ளு சட்டுனு துள்ளி, பள்ளத்துல இறங்கினா ஆடுற ரகத்துல, எர்த் கெட்டா பெட்ரோலைக் கூட்டிக் காட்டும். ஆபத்தான பொய்! நிதானமா நகர்ற ரகத்துல குறைச்சுக் காட்டும். இந்த ரெண்டாவது ரகத்துல டெம்பரேச்சர் மீட்டரும் சேர்ந்து தப்பா காட்டினா, ரெண்டுக்கும் பொதுவான வோல்டேஜ் ஸ்டெபிலைசரைப் பாருங்க. டேங்க் பக்கமே போக வேண்டாம்.

இல்லைன்னா ஒரு டெஸ்ட். சாவியை ஆஃப் பண்ணி, டேங்க்ல இருந்து மீட்டருக்குப் போற ஒயரைக் கழட்டுங்க. சாவி போடுங்க. முள்ளு ஒரு கோடிக்குப் போகணும். மறுபடி ஆஃப் பண்ணி, அந்த ஒயரை டேங்குக்குத் தூரமா கார் பாடியில மாட்டி, சில விநாடி மட்டும் சாவி போடுங்க. இப்ப எதிர்க் கோடிக்குப் போகணும். போச்சா? மீட்டரும் ஒயரும் நல்லாருக்கு. குற்றவாளி டேங்க் பக்கம்தான். அங்க எர்த்தைச் சுரண்டி சுத்தம் பண்ணி, பாடிக்குத் தனியா ஒரு ஒயர் இழுத்துப் பாருங்க.

அதுக்கும் மசியலைன்னா மிதவையைக் கழட்டித்தான் ஆகணும். திறந்தவெளி, பேட்டரி டெர்மினல் கழட்டியாச்சு, பக்கத்துல யாரும் தம் அடிக்கலை... மூணும் கண்டிப்பு. பெட்ரோல் ஆவி தமாஷ் இல்லை. மிதவையைக் காதுகிட்ட வெச்சு ஆட்டுங்க. 'சளக்'னு கேட்டா ஓட்டை. உள்ள பெட்ரோல் புகுந்து மூழ்கிடுது, மாத்துங்க. நீங்களே பத்தவைக்கிற வீரமெல்லாம் வேண்டாம்.

எல்லாம் மாட்டின பிறகு, வண்டியைச் சமமான தரையில நிறுத்தி, காலி டேங்க்ல அஞ்சு அஞ்சு லிட்டரா ஊத்துங்க. ஒவ்வொரு தடவையும் முள்ளு எங்க நிக்குதுன்னு ஒரு துண்டுச் சீட்டுல குறிச்சு, டேஷ்போர்டுல ஒட்டிடுங்க.