ஊசுட்டேரியில் எண்ணப்படாத வாத்துகள்

கவிஞன் புனைகிறான், நாமோ கண்டதை மட்டுமே எழுதுகிறோம் என்று பறவை நோக்குவோரிடம் ஒரு மமதை உண்டு. இலக்கியம் படிக்கும் எங்களுக்கு இது வேடிக்கையாகவே இருக்கிறது. ஏரிக்கரைப் பட்டியலைப் போல எழுதுபவரின் ஆசை புகுந்த பிரதி வேறு உண்டோ?

வில்லியனூர் கொம்யூனில் இருக்கும் ஊசுட்டேரியை எடுத்துக்கொள்வோம். தை மாதக் காலை. கண்கூசும் நீர்ப்பரப்பின் நடுவே பழுப்பாய் ஒரு வாத்துக்கூட்டம். கார்கனி எனப்படும் நீலச்சிறகியா, கிளுவையா? ஆண்கள் முழுக்கோலத்தில் இருந்தால் சிக்கலில்லை. நீலச்சிறகிக்குக் கண்மேல் வெண்பிறை, கிளுவைக்குச் செம்பழுப்புத் தலையில் பச்சைப் பட்டை. ஆனால் இனப்பெருக்கம் முடிந்தபின் ஆணும் இறகுதிர்த்துப் பெண்ணைப் போலாகிவிடும்; நீலச்சிறகி அந்த மங்கல் உடையைக் குளிர்காலத்தின் பெரும்பகுதி களைவதில்லை. அப்போது எஞ்சுபவை நுண்ணிய தடயங்களே. நீலச்சிறகியின் முகத்தில் அழுத்தமான வரிகள், அலகடியில் வெளிறிய புள்ளி. கிளுவையின் வாலடியில் ஒரு வெளிர்கோடு. கானல் அலையும் தொலைவில் இவற்றுள் எது தெரியும்?

தென்னகத்துக்குப் பெருங்கூட்டமாக வருவது நீலச்சிறகி என்கிறது நூல். ஆகவே முன்வரிசையில் நான்கைப் பார்த்துவிட்டு 'நீலச்சிறகி 500' என்று எழுதிவிடுகிறோம். அரியதைத் தேடிவந்த நண்பரோ அதே கூட்டத்தில் கிளுவையைக் கண்டுவிடுகிறார். ஒருவருக்காக நூல் பார்க்கிறது, மற்றவருக்காக ஆசை பார்க்கிறது. வாத்தைப் பார்த்தவர் யார்?

பிறரைச் சொல்வானேன். பாகூர் ஏரியில் பெரிய சீழ்க்கைச் சிறகி இரண்டைக் கண்டதாக எங்கள் குறிப்பேட்டிலும் ஒரு வரி இருந்தது. அதற்கு வாலின் மேலிறகுகள் வெண்மையாக இருக்க வேண்டும். சிறியதற்கு அவை செம்பழுப்பு. அந்த வெண்மையைப் பார்த்தோமா என்றால் எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. பார்க்க விரும்பியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. வரியை அடித்துவிட்டோம்.

இதனால் என்ன குடி முழுகிவிடும் என்பீர்கள். ஊசுட்டேரியில் தத்தம் பகுதியைப் புதுவை அரசு 2008இலும் தமிழக அரசு 2014இலும் சரணாலயமாக அறிவித்தன. ஏரிகளுக்காக வாதாடுவோர் கையிலுள்ள ஆயுதம் இந்த எண்ணிக்கைகள்தாம். 1987 முதல் நடந்துவரும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் பெரிதும் தன்னார்வலர் கண்களையே நம்பியிருக்கிறது. குத்துமதிப்பாய் எழுதிய 500, பின்னொரு ஆண்டில் ஒருவர் பொறுமையாக எண்ணும்போது 180 ஆனால், குறைந்தது வாத்தா, கூடியது கவனமா? எவரும் விடை சொல்ல முடியாது. நகரத்துக்கு அருகிலுள்ள ஏரிக்கு ஞாயிறுதோறும் போய்விட்டு, எட்டிப்பார்க்காத ஏரியில் பறவையே இல்லை என்று முடிவுகட்டுவது இன்னொரு கூத்து.

மைனெர்ட்ஸ்ஹாகன் என்ற ஆங்கிலேயர், திருடிய ஆந்தைப் பாடத்தில் 1914, குஜராத் என்று பொய்ச்சீட்டு ஒட்டினார். அந்தக் காட்டு ஆந்தையை 1997இல் மகாராஷ்டிரத்தில் மீண்டும் கண்டபோது அவர் குட்டு உடைந்திருந்தது. திருடனை ஒருநாள் பிடித்துவிடலாம். மனதார நம்பித் தவறாக எழுதுபவரை எப்படிப் பிடிப்பது?

இபேர்ட் தளத்தில் இனம் புரியாவிட்டால் வெறுமனே 'வாத்து இனம்' என்று பதியலாம். எண்ண முடியாவிட்டால் எண்ணுக்குப் பதில் ஒரு பெருக்கல் குறியிடலாம். அப்படிப் பதிபவரைக் கற்றுக்குட்டி என்று நகைக்கும் மூத்தவர்களோடுதான் எங்கள் சண்டை.